காயாத தடம்

அதுல கால் வெக்காதீங்க தம்பி. ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்குது பாருங்க, அதுல. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை, செருப்புத்தான் ரெண்டு நாள்ல வெறைச்சுப் போயிரும். என் செருப்பைப் பாருங்க, கருவாடாட்டம் ஆயிருச்சு. இப்படி நடுத்தடத்துல வாங்க.

மூலனூர்ல இருந்து இத்தனை தூரம் இதைப் பாக்கறதுக்குன்னே வந்திருக்கீங்க. பங்குனியில உங்க ஊர்ல ரேக்ளாப் பந்தயம் உடப் போறீங்க, மாடு ஓடறப்பப் புழுதி கிளம்பக் கூடாது, திருமூர்த்தி தோட்டத்துல போய்ப் பாருங்கன்னு யாரோ சொல்லி உட்டிருக்காங்க. சந்தோஷமுங்க. என்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை, எல்லாத்தையும் சொல்றேன். ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் போகோணும். இந்த ஊர்ல பாதி கேட்டுட்டுப் போனவங்கதான் எச்சு. அவங்கதான் கண்டதையும் பேசிட்டுத் திரியறாங்க.

மொதல்ல ஒரு புடி மண்ணைக் கையில எடுங்க. எடுங்க, கூச்சப்படாதீங்க. நல்லா இறுக்கிப் புடிங்க. இப்பக் கையைத் திறங்க. கொழுக்கட்டையாட்டம் நிக்குதுங்களா? பெருவிரல்ல ஒரு தட்டுத் தட்டுங்க. உதிர்ந்துருச்சா? அவ்வளவுதாங்க வித்தை. புடிச்சா நிக்கோணும், தட்டினா உதிரோணும். நிக்கலைன்னா காஞ்சு போச்சு, புழுதி பறக்கும். உதிரலைன்னா தண்ணி எச்சு, மாட்டுக்குக் கால் வழுக்கும். கடைசியா எப்பத் தண்ணி உட்டிருப்பேன்னு நெனைக்கறீங்க? சும்மா சொல்லுங்க. காலையிலயா? மூணு நாளாச்சுங்க. இந்த வெயில்ல மூணு நாள்!

இருங்க, வேட்டியில தொடைக்காதீங்க, கறை புடிச்சுக்கும். இந்தச் சாக்குல தொடைச்சுக்குங்க. அப்பவும் கொஞ்ச நேரத்துக்குப் பிசுபிசுன்னுதான் இருக்கும். அப்புறம் சரியாப் போயிரும்.

இந்த மூணு ஏக்கரும் மேட்டாங்காடுங்க. சரளை மண்ணு. கம்பு போட்டாக் கம்பு வராது, எள்ளுப் போட்டா எள்ளு வராது. இந்த ஊர்ல ஒரு கல்யாணம் காட்சின்னா என்னைப் பந்தியில எந்த மூலையில உக்கார வெப்பாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ரேக்ளாவுக்கு எடம் குடுங்கன்னு கேட்டு வந்தாங்க பாருங்க, அன்னைக்குத்தான் நானும் ஒரு ஆளானேன். இருநூறு மீட்டர் தடம். ஒரு ஜோடி மாடும் வண்டியும் பதினேழு செகண்டுல கடந்துரும். அந்தப் பதினேழு செகண்டுக்கு அஞ்சாயிரம் சனம் வந்து நிக்கும். மைக்குல என் பேரைச் சொல்லுவாங்க. துண்டு போத்துவாங்க. அதெல்லாம் வேண்டாம்னு சொல்றவனை எனக்குக் காட்டுங்க பாக்கலாம்.

ஆனா புழுதின்னா புழுதி, அப்படியொரு புழுதி. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து நேரா என் தடத்துல வந்துதான் நிக்கும். மொத ஜோடி ஓடினதுக்கப்புறம் ரெண்டாவது ஜோடிக்காரனுக்கு மாட்டோட வால் தெரியாது. முடிவுக் கோட்டுக்கிட்ட நிக்கறவன் எந்த வண்டி மொதல்ல வந்துச்சுன்னு சத்தத்தை வெச்சுச் சொல்லுவான். அத்தனையும் காத்தோட போய் பேபியக்கா ஊட்டுல எறங்கும்.

பேபியக்கான்னா எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்லைங்க. பக்கத்துத் தோட்டம். அந்தக் கம்பிவேலிக்கு அக்கட்ட இருக்கற ஓட்டு ஊடு அவங்களுதுதான். கிணறும் வேலியை ஒட்டியே இருக்கும். அவங்க ஊட்டுக்காரர் கிட்டுசாமி மாமாவுக்கு இழுப்பு. பந்தயம் முடிஞ்ச அன்னைக்கெல்லாம் அந்த மனுசன் உக்காந்தபடியேதான் மூச்சு உடுவாரு. நான் இல்லைன்னு சொல்லலை. அக்கா ரெண்டு வாட்டி வந்து சொன்னாங்க. "ஏஞ்சாமி, அந்தப் புழுதியை மட்டும் அடக்கிக் குடு. பந்தயம் உடு, வேண்டாங்கலை. புழுதியை அடக்கு." மூணாவது வாட்டி என்கிட்ட வரலை. நேரா கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் குடுத்துட்டாங்க. மூணு மாசத்துல புழுதியைக் கட்டுப்படுத்தோணும், இல்லைன்னா பந்தயத்துக்கு அனுமதி கிடையாதுன்னு எனக்கு ஓலை வந்துச்சு.

தம்பி, அந்தக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு நான் அழுதேன். வெளியில சொல்றதில்லை, உங்ககிட்டச் சொல்றேன். தடம் போச்சுன்னா நான் மறுபடியும் பழைய மூலைக்குத்தானே போகோணும்?

சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. வெள்ளென எந்திரிச்சு, கல்டிவேட்டர்ல மேலாக்கக் கீறி உட்டு, என் கிணத்துத் தண்ணியைப் பைப்புல அடிச்சு நனைச்சு, உருளை போட்டு இழுத்து, மறுபடியும் நனைப்பேன். ஒம்பது மணிக்குப் பந்தயம். பத்து மணிக்கு மேல்மண்ணு வெளுத்துரும். பதினொண்ணுக்குப் பழைய கதைதான். அப்புறம் தேங்கா நார்க்கழிவு கொட்டிப் பாத்தேன். ஈரம் நின்னுச்சு, ஆனா குளம்பு பொதக் பொதக்குன்னு உள்ள போகுது. வண்டிக்காரங்க, "ஏனுங்க, மெத்தை மேல ஓட்டச் சொல்றீங்களா"ன்னு கேட்டாங்க. சாணி கரைச்சு இருநூறு மீட்டரையும் மொழுகினேன். நானும் ஊட்டுக்காரியும் ரெண்டு நாள் மொழுகினோமுங்க. மொத வண்டிச் சக்கரத்துலயே அப்பளமா ஒடைஞ்சு பறந்துச்சு. அன்னைக்கு வந்தது வெறும் புழுதி இல்லை, சாணிப் புழுதி. மாமா அன்னைக்குப் பட்டபாட்டைப் பேச வேண்டாம்.

அப்பத்தான் குணசீலனைப் பாத்தேன். டேங்கர் லாரி டிரைவர். ரோட்டோரமா நிறுத்திட்டு எளநி குடிச்சுட்டு இருந்தான். அவன் லாரியில இருந்து சொட்டுச் சொட்டா ஒழுகிட்டு இருந்துச்சு. உச்சி வெயிலு. சொட்டின எடம் மட்டும் கருகருன்னு கெடக்குது. நான் பேச்சுக் குடுத்துட்டே அரை மணி நேரம் பாக்கறேன், காயவே இல்லை.

"என்ன தண்ணிப்பா இது?"

"சாயப்பட்டறைத் தண்ணிங்க. சாயமெல்லாம் எடுத்தாச்சு, கழிச்சு உடற மிச்சம். உப்பு மட்டும் கொஞ்சம் நிக்கும். உப்பு ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்குமுங்க."

உப்புத்தானேங்க! நாம திங்காத உப்பா? என் தடத்துக்கு ஊத்தறியான்னு கேட்டேன். அவன் எளநியைக் கீழ வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்தான். காசு வேண்டாமுங்க, எறக்கறதுக்கு ஒரு எடம் குடுத்தாப் போதும்னான். இந்தக் காலத்துல யாரு தம்பி சும்மா தர்றாங்க? சாமியாப் பாத்து அனுப்பினதுன்னு நெனைச்சேன்.

மறுநாள் மத்தியானமே வந்துட்டான். ரெண்டு லோடு ஊத்தினான். ஊத்தறப்ப ஒரு வாடை வரும், அது பழகிரும். அந்தப் பையனுக்கு ஒரு பழக்கம், வால்வைத் திறக்கறப்ப ரெண்டு கையிலயும் பாலிதீன் பையைக் கட்டிக்குவான். நம்ம ஊட்டுல பச்சைத் தண்ணி குடுத்தாக் கூட வாங்க மாட்டான், அவன் பாட்டில்ல கொண்டாந்ததைத்தான் குடிப்பான். அப்படிச் சுத்தக்காரன். இந்தக் காலத்துல டிரைவர்ல அப்படிப் பாக்கறது அபூர்வம்.

அந்த ஞாயித்துக்கெழமை நாப்பத்தி ரெண்டு ஜோடி ஓடுச்சு. புழுதி இல்லை. முழங்கால் உசரத்துக்குக் கூட இல்லை. சனம் மொதல்ல கத்தவே இல்லைங்க, மாடு ஓடறதை மொத மொதல்ல கண்ணால பாக்கறாங்களே. தாலூகா ஆபீசுல இருந்து ஆர்.ஐ. வந்து பேபியக்கா ஊட்டு ஜன்னல் கட்டையில விரலைத் தேச்சுப் பாத்தாரு. விரல் சுத்தமா இருந்துச்சு. அங்கயே நின்னு எழுதிட்டாரு, புகார் தீர்ந்ததுன்னு.

நாலு நாள் கழிச்சு அக்கா வந்தாங்க. மடியில பத்துத் தேங்காய். "மாமா ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கறாரு சாமி. எத்தனை வருசமாச்சு. நீ நல்லா இருக்கோணும்"னாங்க. கண்ணுல தண்ணி. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி, பின்னால பேசினதும் இதே வாய்தான்.

தடத்துக்கு வாரத்துக்கு ரெண்டு லோடே எச்சு. குணசீலன் எட்டு லோடு, பத்து லோடுன்னு கொண்டாந்தான். என்ன பண்றது, சும்மா கொண்டாந்து தர்றவனைத் திருப்பி அனுப்பறதா? மிச்சத்தை அந்தப் பள்ளத்துல உட்டுக்கோன்னுட்டேன். அதோ வேலியோரமா இருக்கு பாருங்க, அந்தக் கல்லெடுத்த பள்ளம். காலையில நெறைஞ்சிருக்கும், சாயங்காலம் பாத்தாக் காலியாயிருக்கும். சரளை மண்ணுன்னு சொன்னனில்லீங்களா, எத்தனை உட்டாலும் குடிச்சுக்கும்.

இன்னொரு லாபமும் இருக்குதுங்க. கோட்டுக்குப் பக்கத்துல எறும்புப் புத்து ஒண்ணு இருந்துச்சு. எந்த மருந்துக்கும் அசையாதது. நாலாவது லோடுல எடம் தெரியாமப் போச்சு. கோரை இல்லை, நெருஞ்சி இல்லை. மைனாவெல்லாம் எறங்கறதில்லை, எச்சம் கெடக்கறதில்லை. காலையில வந்து பாத்தா அப்படியொரு அமைதி. மாட்டுக்கும் இந்தத் தடம்னா உசுரு. ஓடி முடிச்சதும் தலையைக் குனிஞ்சு மண்ணை நக்கும். "சர்க்கரை கலந்திருக்கீங்களா"ன்னு வண்டிக்காரங்க சிரிப்பாங்க. பெதப்பம்பட்டியில இருந்து வந்த மயிலைக் காளை ஒண்ணு, நக்கிட்டு நகரவே மாட்டேன்னுச்சு. அடுத்த வாரம் படுத்துருச்சாம். வெயில்ல அந்த வெரட்டு வெரட்டினாப் படுக்காம என்ன பண்ணும்?

ஐப்பசியில மழை நல்லாப் பேஞ்சுது. எல்லாக் கிணத்துலயும் தண்ணி மேல வந்துச்சு. ஊரே சந்தோஷமா இருக்குது, பேபியக்கா மட்டும் சொம்பைத் தூக்கிட்டு வந்து நிக்கறாங்க.

"குடிச்சுப் பாரு சாமி."

"என்னக்கா இது?"

"என் கிணத்துத் தண்ணி. ஒரே ஒரு மொடக்குக் குடிச்சுப் பாரு."

அப்பத்தான் சாப்பிட்டு எந்திரிச்சிருந்தேன். வயிறு நெறைஞ்சிருக்குதுக்கான்னு சொன்னேன். அவங்க சொம்பை நீட்டினபடியே நிக்கறாங்க. எத்தனை நேரம் நிப்பாங்க? நானே வாங்கிட்டேன். வாங்கினதை என்ன பண்றது? தண்ணியை வீணாக்கக் கூடாதில்லீங்களா, தடத்துல ஊத்தினேன். ஊத்தற வரைக்கும் பாத்துட்டே நின்னாங்க. சொம்பைக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.

"லாரியை நிறுத்திரு. புழுதியே வரட்டும். மாமா இழுத்துக்கிட்டுக் கெடந்தாலும் பரவாயில்லை, பழைய புழுதியே வரட்டும் சாமி."

எனக்குக் கோவம் வந்துச்சுங்க. வராதா? புழுதி வேண்டாம்னு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனது யாரு? நானா? "மனுக் குடுத்தது நீங்கதானேக்கா. இப்ப வந்து புழுதி வேணும்னு கேட்டா நான் எங்க போவேன்? வேணும்னா அதுக்கும் ஒரு மனுக் குடுங்க"ன்னேன். நான் சொன்னதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

அவங்க மனுக் குடுக்கலை. ஊருக்குள்ள போய்ச் சொன்னாங்க. யாரும் காது குடுக்கலை. பந்தயம் நடந்தா டீக்கடைக்காரனுக்கு யாவாரம், பந்தல்காரனுக்கு யாவாரம், மைக்செட்டுக்காரனுக்கு யாவாரம். அந்தம்மா பேச்சை யாரு கேப்பாங்க? கிணறுன்னா மாறத்தான் செய்யும்னு எல்லாருமே சொன்னாங்க. நானும் அதைத்தான் சொன்னேன்.

அப்புறம் தென்னையில குரும்பை கொட்டுச்சு. அது எங்கயும் கொட்டறதுதான். மாமாவுக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு வந்து சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம். மூச்சு நல்லா இருந்துச்சுங்க, அதை நான் கேட்டுக்கிட்டேன், மூச்சுக்கு ஒரு குறையுமில்லை. மார்கழியில அவங்க செவலை மாடு ஏழு மாசச் சினையில கன்னை வீசிருச்சு. கன்னு உசுரில்லாம வந்துச்சு. அன்னைக்கு அக்கா கட்டுத்தரையில உக்காந்து அழுததை வேலிக்கு இக்கட்ட நின்னு கேட்டேன். போய் ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசியிருக்கலாம். போகோணும்னுதான் இருந்தேன். லாரி வந்துருச்சு.

தை பொறந்து அவங்க காலி பண்ணிட்டுக் கெளம்பினாங்க. ஈரோட்டுல மக ஊடு. சாமானெல்லாம் ஆட்டோவுல ஏத்தியாச்சு, மாமாவை முன்னால உக்கார வெச்சாச்சு. நான் என் தோட்டத்து வாசல் கேட்டுக்கிட்ட நிக்கறேன். நல்லபடியாப் போயிட்டு வாங்கக்கான்னு சொல்லோணும்னு நின்னேன். அவங்க அந்தச் செவலையைப் புடிச்சுட்டு நேரா என்கிட்ட வந்தாங்க. கயித்தை என் கேட்டுக் கம்பியில கட்டினாங்க. ரெண்டு முடிச்சுப் போட்டாங்க. என் மூஞ்சியைப் பாத்தாங்க. போய் ஆட்டோவுல ஏறிட்டாங்க.

பாத்தீங்களா தம்பி? எங்களுக்குள்ள பகைன்னு ஊர்ல பேசறாங்க. பகைன்னா மாட்டைக் கட்டிட்டுப் போவாங்களா? என் மேல இருக்கற நம்பிக்கைதானே அது? ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். திட்டிட்டாவது போயிருக்கலாம். ரெண்டு முடிச்சு எதுக்குப் போட்டாங்கன்னுதான் எனக்கு இன்னும் தெரியலை. அது ஓடற மாடு இல்லையே.

ஆமாங்க, அதேதான். வேப்பமரத்துக்கிட்ட நிக்குதே, அதுதான் செவலை. எளைச்சுத்தான் போச்சு. விலா எலும்பை எண்ணலாம். நான் தீவனத்துக்குக் குறை வெக்கலை. ஆனா தண்ணி குடிக்க மாட்டேங்குது. வந்த அன்னைக்கு என் கிணத்துத் தண்ணியைத் தொட்டியில ஊத்தி வெச்சேன். கிட்ட வந்துச்சு, மோந்து பாத்துச்சு, மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. மூணு நாள் அப்படி. என் கிணறு அவங்க கிணத்துல இருந்து நூறு அடிகூட இல்லைங்க. நாங்க கார்த்திகையில இருந்தே கேன் தண்ணிதான் குடிக்கறோம். ஊர்ல நாலு பேரு கேன் வாங்கறாங்க, அதனால நாங்களும் வாங்கறோம், வேற ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

கடைசியில மாட்டுக்கும் கேன் தண்ணிதான். சிரிக்காதீங்க. ஊர்ல தெரிஞ்சா மானம் போயிரும். என் ஊட்டுக்காரி துளசிமணி கேனைச் சாய்ச்சு உடுவா, மாடு தொட்டி காலியாகற வரைக்கும் தலையைத் தூக்காது. அவ இப்ப அவங்க அண்ணன் ஊட்டுல இருக்கா. நாலு நாளாச்சு. சும்மா போயிருக்கா. தையல் மெஷினையும் எடுத்துட்டுப் போயிருக்கா, அங்க தைக்கறதுக்கு வெளிச்சம் நல்லா இருக்குமாம். போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னா. "மாட்டைப் பாருங்க. அதுக்குத் தெரியுது"ன்னா. என்ன தெரியுதுன்னு கேட்டேன், மெஷினைத் தூக்கிட்டுப் படியெறங்கிட்டா. பொம்பளைங்க பேச்சு.

ஆரன் சத்தம் கேக்குதுங்களா? குணசீலன்தான். வர்ற ஞாயிறு அறுவது ஜோடி. நல்ல நேரத்துக்கு வந்திருக்கீங்க, எப்படி ஊத்தறதுன்னு கண்ணாலயே பாத்துட்டுப் போலாம். உங்க ஊருக்கும் அவன்கிட்டவே பேசிக்கலாம், எடம் குடுத்தாப் போதும்பான்.

நான் போய் வால்வைப் பாத்துக்கறேன். தம்பி, அதுக்கு முன்னால ஒரு சின்ன ஒத்தாசை. படிக்கட்டுல ரெண்டு கேன் இருக்குது. அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போய்ச் செவலைக்கு ஊத்துங்க. முழுக் கேனையும் ஊத்துங்க, பாதகமில்லை. முந்தாநேத்துப் பால்காரரு வந்து ஊத்தினது, அதுக்கப்புறம் யாரும் இந்தப் பக்கம் வரலை. பக்கத்துல போகலாமுங்க, முட்டாது. புது ஆளுன்னாக் குடிச்சுரும்.

நல்ல தண்ணிதாங்க, கேன்ல சீல் கூடப் பிரிக்கலை. ஆனா நான் வெச்சா அது குடிக்கறதில்லை.